“மருந்தை நிறுத்தினேன், கோழி செத்தது”: புரோபயாடிக் பேட்ச் ஏன் தோற்றது?

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து பிராய்லர் பண்ணையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

4,000 கோழி கொள்ளும் ஒரே கொட்டகை. சில வருடங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வளர்த்தவர், இப்போது குஞ்சும் தீவனமும் சொந்தக் காசில் வாங்கி வளர்க்கிறார். தீவன டீலர் கொடுக்கும் “குரோத் பவுடர்” பாக்கெட்டை டன்னுக்கு 100 கிராம் கணக்கில் ஒவ்வொரு மூட்டையிலும் கலந்து போடுவது வழக்கம். பாக்கெட்டில் என்ன மருந்து என்று அச்சிட்டிருக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் “இதை நிறுத்துங்கப்பா” என்று சண்டை பிடித்திருக்கிறார். கும்பகோணத்தில் ஓட்டல் வைத்திருக்கும் உறவினரோ “ஆன்டிபயாடிக் போடாத கோழி தந்தால் கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார்.

ஐப்பசியில் இறக்கிய பேட்ச்சில் துணிந்து மாறினார். மில்லில் சொல்லி எந்த மருந்தும் சேர்க்காத தீவனம் வாங்கினார். புரோபயாடிக்காக, அதாவது குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமியாக, லாக்டோபேசில்லஸ் பவுடரை 38 நாளும் தண்ணீரில் கலந்தார். வாரம் இரண்டு நாள் மோரும் ஊற்றினார். 22-ஆம் நாளிலிருந்து கோழிகள் சோர்ந்து ஒதுங்கின. எச்சம் கரும்பழுப்பு நிறத்தில் நுரைத்துப் போனது. 26-ஆம் நாள் மட்டும் 31 கோழி. அவரே ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறார்: குடல் காற்றடைத்து உப்பி, உள்சுவர் சொரசொரவென்று இருந்ததாம். முடிவில் இறப்பு 280, சராசரி எடை 1.85 கிலோ, எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) 1.86. அதற்கு முந்தைய, ஆவணி பேட்ச்சில் இறப்பு 160, எடை 2.05, எஃப்.சி.ஆர். 1.68.

அவர் கேள்வி இது: “புரோபயாடிக் என்பதே ஏமாற்று வேலையா? ஆன்டிபயாடிக் இல்லாமல் பிராய்லர் வளர்க்க முடியாது என்று டீலர் சொல்வது சரியா? இப்போது கொட்டகையில் 12 நாள் குஞ்சு நிற்கிறது. பழைய பாக்கெட்டுக்கே போய்விடவா?”

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கணக்கைத் தேதிவாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் பேச முடிகிறது. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பழைய பாக்கெட் வேண்டாம். ஆனால் ஐப்பசியில் செய்ததையே மறுபடி செய்யவும் வேண்டாம். அந்தப் பேட்ச்சில் தோற்றது புரோபயாடிக் இல்லை. உயிரோடு இருந்த புரோபயாடிக் உங்கள் கோழியின் குடலுக்குள் போனதா என்பதே சந்தேகம்.

ஐப்பசியில் நடந்தது என்ன?

நான்கு விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்னவைதான்.

பெரியது முதலில். மில்லில் “எந்த மருந்தும் வேண்டாம்” என்று சொன்னபோது, அவர்கள் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கோடு ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். சாலினோமைசின், மோனென்சின், மதுராமைசின் என்று பை லேபிளில் போட்டிருப்பார்களே, அது. காக்சிடியா என்ற ஒட்டுண்ணியை அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. ஆழ்கூளத்தில், அதாவது தரையில் பரப்பிய உமியில், வளரும் கோழிக்குக் காக்சிடியா இல்லாத கொட்டகை கிடையாது. எச்சத்தில் வெளியேறும் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒரு சுற்று. மூன்று சுற்று முடிந்து கொட்டகை முழுக்கப் பெருகி நிற்பது 21 முதல் 28 நாளுக்குள். உங்கள் கோழி சோர்ந்தது 22-ஆம் நாள்.

காக்சிடியா குடல் சுவரைப் புண்ணாக்கினால், அதுவரை குடலில் சும்மா கிடந்த கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா அந்தப் புண்ணில் பெருகி நஞ்சைக் கக்கும். குடல் காற்றடைத்து உப்பும். உள்சுவர் சொரசொரப்பாகிவிடும், இதைத்தான் மருத்துவர்கள் “டர்க்கி டவல்” என்பார்கள். நீங்கள் அறுத்துப் பார்த்து எழுதிய அடையாளம் நெக்ரோடிக் என்டரைடிஸ் என்ற குடல் அழுகல் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. ஆய்வகத்தில் காட்டவில்லை என்பதால் இதைச் சந்தேகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வலுவான சந்தேகம்.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி. 1,000 லிட்டருக்குத் தினமும் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடி என்றால் 50 கிராமாவது வரும். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று வைத்தால் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) பக்கம் போகிறது. கோழி குடிக்க 3 முதல் 5 பி.பி.எம். போதும்; அதற்கு 10 முதல் 15 கிராம். இந்தக் குளோரின் தண்ணீரில் லாக்டோபேசில்லஸைக் கலந்தால் அது நிப்பிளுக்கு (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) வந்து சேருவதற்குள் செத்துவிடும். கிருமியைக் கொல்லும் மருந்துக்குக் கெட்ட கிருமி, நல்ல கிருமி என்ற பேதம் தெரியாது. இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. 6-ஆம் நாளும் 21-ஆம் நாளும் லசோட்டா தடுப்பூசியை இதே தொட்டியில்தான் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தடுப்பூசியும் உயிருள்ள வைரஸ்தான். அந்தப் பேட்ச்சுக்கு வெள்ளைக்கழிச்சல் வராமல் போனது அதிர்ஷ்டம்.

மூன்றாவது, “குஞ்சு மருந்து” என்று முதல் மூன்று நாள் பழக்கத்தில் ஊற்றியது. அது என்ரோஃப்ளாக்சசின். அதுவும் ஆன்டிபயாடிக்தான், மனிதர்களுக்குக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டிய குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கோழிக்கு இதைக் கொடுக்கும் அனுமதியை 2005-லேயே ரத்து செய்துவிட்டார்கள். புரோபயாடிக்கையும் அதையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் ஊற்றினால் ஒரு கையால் நட்டதை மறு கையால் பிடுங்கியதாகும்.

நான்காவது, 7-ஆம் நாள் எடை. 42 கிராம் குஞ்சு ஏழு நாளில் 150 கிராம்தான் வந்திருக்கிறது. பிறந்த எடையைப்போல நாலு மடங்குக்குக் குறையாமல், நல்ல பேட்ச்சில் நாலரை மடங்கு, அதாவது 170 முதல் 190 கிராம் வர வேண்டும். 22-ஆம் நாள் வந்த வினைக்கு வித்து முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டது. இதை எந்தப் பவுடரும் பிறகு ஈடுகட்டாது.

நஷ்டக் கணக்கையும் பிரித்துப் பாருங்கள். விற்ற 3,720 கோழி, 6,882 கிலோ. எஃப்.சி.ஆரில் 0.18 கூடியதால் ஏறத்தாழ 1,240 கிலோ தீவனம் அதிகம். கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலே ஐம்பதாயிரத்தைத் தொடுகிறது. இதில் செத்த கோழி தின்றுவிட்டுப் போனது, 120 கோழிக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோவுக்குள், அதிகபட்சம் 180 கிலோ. மிச்சம் ஆயிரம் கிலோவுக்கு மேல் உயிரோடு நின்ற கோழியின் புண்பட்ட குடலில் வீணானது. காக்சிடியாவின் பெரிய திருட்டு சாகாத கோழியிடம்தான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற 280-ஐ மட்டும் எண்ணினால் இது பிடிபடாது.

இன்னொன்று. ஆவணி பேட்ச்சையும் ஐப்பசி பேட்ச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். குஞ்சு வேறு, தீவனம் வேறு, பருவம் வேறு. நம் பக்கத்து அடைமழையில் ஈரமான உமியில் வளர்ந்த பேட்ச்சை வெயில் காலப் பேட்ச்சோடு நிறுத்திப் பார்த்தால், பாக்கெட் போட்டிருந்தாலும் ஐப்பசி கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும்.

அந்தப் பாக்கெட் என்ன செய்துகொண்டிருந்தது?

டீலர் சொல்வதில் பாதி உண்மை. குறைந்த அளவு ஆன்டிபயாடிக் தீவனத்தில் இருந்தால் கோழி சற்று வேகமாக வளரும் என்பது 1940-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் தெரிந்த விஷயம். குடலில் தீவனச் சத்துக்குப் போட்டி போடும் கிருமி குறைகிறது, குடல் சுவரின் அழற்சி குறைகிறது, கிளாஸ்ட்ரிடியம் அடங்குகிறது. டீலர் சொல்லாத பாதி இது: கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் வளர்ச்சி வரவில்லை. சுத்தமான கொட்டகையில் பலன் குறைவு, அழுக்கான கொட்டகையில் பலன் அதிகம். ஈர உமியையும் மோசமான புரூடிங்கையும் (குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்ப்பது) அந்தப் பாக்கெட் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்தீர்கள், உள்ளே இருந்தது வெளியே வந்தது.

டென்மார்க்கில் பிராய்லர் பண்ணையாளர்கள் 1998-இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை முழுதாக நிறுத்தினார்கள். அவர்கள் எஃப்.சி.ஆர். ஏறியது 0.02-க்கும் குறைவு, இறப்பு ஏறவில்லை. ஆனால் அவர்கள் காக்சிடியா மருந்தை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை. அங்கே பிராய்லர் தொழில் படுத்துவிடவில்லை. ஆகவே “முடியவே முடியாது” என்பது வியாபாரப் பேச்சு.

உங்கள் முறையில் இன்னொரு கோளாறும் இருந்தது. டன்னுக்கு 100 கிராம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 5 கிராம். அதைத் தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு கோழிக்குப் பத்து மடங்கும் இன்னொன்றுக்குப் பூஜ்யமும் போகும். சாகாத அளவுக்கு மருந்தைப் பார்த்துப் பழகும் கிருமிதான் எதிர்ப்புச் சக்தி பெறுகிறது. அந்தக் கிருமி கறியோடு மட்டும் போவதில்லை. கொட்டகைக் கூளத்தைத் தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் அடிக்கிறோம், மீன் குளத்திலும் கொட்டுகிறோம். மழையில் அது வாய்க்காலுக்குப் போகிறது. அதற்கெல்லாம் முன்னால் தினமும் கொட்டகைக்குள் போய்வரும் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் வருகிறது. மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் “ஹார்மோன் ஊசி” என்று அவர் சொன்னதாக எழுதியிருப்பது தவறு. பிராய்லர் 38 நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறைத் தேர்வு இனவிருத்தியாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் புரதம் என்பதால் தீவனத்தில் போட்டால் செரித்துவிடும். 4,000 கோழியைப் பிடித்துத் தினம் ஊசி போட யாராலும் முடியாது, கட்டுப்படியும் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு எல்லா ஆன்டிபயாடிக்கும் குற்றம் இல்லை. டீலர் நினைக்கிற அளவுக்கு எல்லாம் சும்மாவும் இல்லை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் எதற்கும், தீவனச் சேர்க்கையாகவும், தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது. அதுவரை கடைகளில் தாராளமாகக் கிடைத்த “குரோத்” சரக்குகளில் அதுவும் ஒன்று. குளோரம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் தடைப்பட்டவை. உங்கள் பாக்கெட்டில் பெயர் இல்லை என்பதால் அது இவற்றில் ஒன்றா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்குக் கறியில் மருந்தின் மிச்சம் பிடிபட்டால் டீலர் “நான் கொடுக்கவில்லை” என்பார். பில் இருக்காது. அதனால் லேபிளும் பேட்ச் எண்ணும் பில்லும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். மிச்சம் இருக்கும் பாக்கெட்டை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி ஒப்படையுங்கள்.

பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. மருந்து விதிகள் 1945-இன் 97-ஆம் விதியில் 2012-இல் ஒரு சேர்க்கை வந்தது. கால்நடை மருந்தின் லேபிளில், மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கறிக்கோ பாலுக்கோ முட்டைக்கோ அனுப்பலாம் என்று இருக்க வேண்டும். இதைத்தான் விலக்கு நாள் என்கிறோம். அந்த மருந்துக்கென்று தனியாக நாள் நிர்ணயிக்கப்படவில்லை என்றால் கோழிக் கறிக்குக் குறைந்தது 28 நாள். உங்கள் கோழியின் ஆயுளே 38 நாள். லேபிள் இல்லாத மருந்தை 10-ஆம் நாளுக்குப் பிறகு தொட்டாலே விதி மீறல் என்று இதற்கு அர்த்தம். முந்தைய பேட்ச்சுகளில் அந்தப் பாக்கெட்டை நீங்கள் 35-ஆம் நாள் வரை போட்டுவந்திருக்கிறீர்கள்.

நோய் வந்தால் மருத்துவர் சீட்டோடு, சரியான அளவில், முழு நாளும் கொடுத்து, விலக்கு நாள் காத்து விற்பது வேறு. அதை நான் தடுக்கவில்லை. கொள்கைக்காகக் கோழியைச் சாக விடுவதும் சரியில்லை.

புரோபயாடிக்கிடம் எதை எதிர்பார்க்கலாம்?

அது மருந்து இல்லை. வந்த நோயைத் தீர்க்காது. இடத்தைப் பிடிப்பதுதான் அதன் வேலை. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு தாயைப் பார்ப்பதில்லை. அதன் குடல் காலி மனையாக வருகிறது. முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்கள் கை ஓங்கும். பெரிய கோழியின் குடல் கிருமிகளைக் குஞ்சுக்கு முதலிலேயே கொடுத்தால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி ஒட்டுவது குறைகிறது என்று ஃபின்லாந்தில் நூர்மியும் ரண்டாலாவும் 1973-இல் காட்டினார்கள். அந்த அடிப்படையில்தான் இன்றைய புரோபயாடிக் நிற்கிறது. ஆகவே நேரம்தான் முக்கியம். முதல் ஐந்து நாளில் கொடுக்கும் ஒரு கிராமுக்கு உள்ள மதிப்பு 30-ஆம் நாள் கொடுக்கும் கிராமுக்கு இல்லை. 38 நாளும் தண்ணீரில் ஊற்றியது பாதிக்கு மேல் வீண் செலவு.

சரக்கு வாங்கும்போது பாருங்கள்: கிருமியின் முழுப்பெயர், கிராமுக்கு எத்தனை உயிரணு, காலாவதி தேதி. “நன்மை தரும் நுண்ணுயிர்கள்” என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லாக்டோபேசில்லஸ் வகைகள் வெப்பத்துக்கும் குளோரினுக்கும் தாங்காது. தண்ணீரில் கொடுக்க மட்டும் ஏற்றவை. பெல்லட் தீவனம் 80 டிகிரிக்கு மேல் ஆவியில் வேகிறது; அதில் கலக்கப் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போல கெட்டியான வித்து உறைக்குள் (ஸ்போர்) உறங்கிக்கிடக்கும் வகைதான் தாக்குப்பிடிக்கும். தீவனத்தில் கிராமுக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் உயிரணு இருக்க வேண்டும். கிராமுக்கு 100 கோடி என்று போட்ட சரக்கானால் டன்னுக்கு 100 கிராம் போட்டால் ஒரு லட்சம், ஒரு கிலோ போட்டால் 10 லட்சம். விற்பவர் சொல்லும் அளவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள், நிறையப் பேர் மாட்டுவார்கள். மில்லிலேயே கலக்கச் சொல்லுங்கள். மண்வெட்டி வேலை இதற்கும் ஆகாது.

மோர் விஷயம். கெடுதல் செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத் தயிரின் கிருமிகள் கோழிக் குடலில் தங்கிக் குடித்தனம் நடத்துவதில்லை. நிப்பிள் லைனில் மோரும் வெல்லத் தண்ணீரும் போனால் குழாய்க்குள் வழவழவென்று படலம் கட்டும். அந்தப் படலத்தில் ஈ.கோலை என்ற குடல் கிருமி பெருகும். குஞ்சு இறங்கிய முதல் சில மணி நேரம் வெல்லத் தண்ணீரைக் கையால் வைக்கும் தட்டு டிரிங்கரில் கொடுங்கள், லைனில் விடாதீர்கள்.

உமியும் தண்ணீரும்

டெல்டாவில் ஆன்டிபயாடிக்கை நிறுத்த நினைப்பவர் முதலில் ஜெயிக்க வேண்டியது ஈரத்தை. பவுடருக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை இங்கே வையுங்கள்.

உமிக்கு நமக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் குறுவை அறுப்பு மழையில் சிக்கினால் வரும் உமி ஈரமும் பூஞ்சணமுமாக இருக்கும். மழைக்காலப் பேட்ச்சுக்கான உமியை முன்னாலேயே வாங்கி, கூரைக்கடியில் பலகை மேல் அடுக்கிவையுங்கள். இரண்டு அங்குலம் போடுகிற இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று அங்குலம் போடுங்கள். தினம் ஒரு கைப்பிடி கூளத்தை நிப்பிளுக்கு நேர் கீழே எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையே பிடிக்காமல் தூசி பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. கட்டி தட்டிய இடத்தைக் கிளறிவிட்டுக் காயவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெட்டி வெளியே அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். நிப்பிள் உயரம் கோழியின் தலைக்கு மேல், கழுத்தை நீட்டிக் குடிக்கும்படி இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் கொத்திப் பாதித் தண்ணீரைக் கீழே சிந்தும்.

வாடைமழையில் படுதாவை அடியோடு இழுத்துக் கட்டிவிடுகிறோம். சாரல் நிற்கும், ஆனால் உள்ளே ஆவியும் அம்மோனியாவும் அடைபடும். மேலே ஒரு அடி எப்போதும் திறந்திருக்க வேண்டும். காலையில் உள்ளே நுழைந்து கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு ஏற்கெனவே தாமதம்.

தண்ணீர் கடற்கரைப் பக்கம் போகப்போக உப்புக் கரிக்கிறது. உப்பு மிகுந்தால் கோழி அதிகம் குடித்துத் தண்ணியாக எச்சமிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. போர்த் தண்ணீரை ஒருமுறை உப்புக்கும் ஈ.கோலைக்கும் சோதித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மக்காச்சோளமும் தீவன மூட்டையும் ஈரம் குடித்துப் பூஞ்சை நஞ்சு ஏறும். அது வளர்ச்சியையும் தடுப்பூசி வேலை செய்வதையும் சேர்த்துக் கெடுக்கும். சந்தேகமான மூட்டையின் மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

அடுத்த பேட்ச்சில் என்ன செய்யலாம்?

கொட்டகையை வலைபோட்டு இரண்டாகப் பிரியுங்கள், 2,000 ஒரு பக்கம், 2,000 ஒரு பக்கம். ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே நாள். ஒரு பக்கத்துக்கு மட்டும் புரோபயாடிக். தண்ணீர்த் தொட்டி இரண்டும் தனித்தனி. வாரம் ஒருமுறை பக்கத்துக்கு 50 கோழி எடை போடுங்கள். இரண்டு மூன்று பேட்ச்சில் உங்கள் கொட்டகைக்கு அந்தச் சரக்கு பிரயோஜனமா என்று உங்கள் தராசே சொல்லிவிடும். வித்தியாசம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

மில்லில் சொல்ல வேண்டிய வாசகம் இது: “வளர்ச்சி ஆன்டிபயாடிக் வேண்டாம், காக்சிடியா மருந்து இருக்கட்டும்.” பையில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காக்சிடியா மருந்து இருக்கிறது என்பதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். சாலினோமைசின், மோனென்சின் இருக்கும்போது டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கோழி கால் விழுந்து சாகும். விலக்கு நாளுக்காகக் கடைசித் தீவனத்தில் காக்சிடியா மருந்தும் இருக்கக் கூடாது. வீட்டில் வான்கோழி வளர்த்தால் சாலினோமைசின் தீவனத்தை அதற்கு அள்ளிப் போடாதீர்கள், அதற்கு அது விஷம்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடரைப் போட்டு உமியைச் சூடேற்றுங்கள். இறக்கி எட்டு மணி நேரத்தில் பத்திருபது குஞ்சின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுக்கு மெத்தென்று நிரம்பியிருக்க வேண்டும். மறுநாள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். கல்லாக இருந்தால் தண்ணீர் எட்டவில்லை, காலியாக இருந்தால் சூடோ வெளிச்சமோ போதவில்லை. ஆரோக்கியமான குஞ்சுக்கு என்ரோஃப்ளாக்சசின் தேவையில்லை. முதல் நாள் 4,000 குஞ்சும் குடிப்பது 100 லிட்டரைச் சுற்றித்தான். அதற்கு ஆயிரம் லிட்டர்த் தொட்டியைத் தொட வேண்டியதில்லை: குளோரின் போடாத நல்ல தண்ணீருக்குத் தனி டிரம் வையுங்கள். புரோபயாடிக்கை மூன்று நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவு தண்ணீரில் மட்டும் காலையில் கலக்குங்கள். முதல் ஐந்து நாள், பிறகு தீவனம் மாறும்போது இரண்டு நாள், எப்போதாவது ஆன்டிபயாடிக் சிகிச்சை நடந்தால் அது முடிந்த மறுநாளிலிருந்து ஐந்து நாள். இவ்வளவு போதும். தடுப்பூசியும் அதே டிரம்மில், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து அரை மணி கழித்து. மற்ற நேரத்துக்குக் குளோரின் தண்ணீர் இருக்கட்டும், அளவோடு.

இப்போது நிற்கும் 12 நாள் குஞ்சுக்கு

இன்றைக்கே தீவனப் பையின் லேபிளைப் பாருங்கள். காக்சிடியா மருந்து இல்லை என்றால் அடுத்த லோடை மாற்றுங்கள். 18-ஆம் நாளிலிருந்து காலை எச்சத்தைக் குனிந்து பாருங்கள்: ஆரஞ்சு நிறச் சளி, ரத்தத் திட்டு, செரிக்காத தீவனம். 4,000-க்கு நாளொன்றுக்கு நாலைந்து இறப்பு சாதாரணம். இரண்டு நாள் தொடர்ந்து அது இரட்டித்தால் அன்று காலை பத்து மணிக்குள் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள், 31 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதுதான் செத்த கோழி இரண்டு மூன்றைப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ எடுத்துச் செல்லுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு கெட்டுப் பரிசோதனை பாழாகும். காக்சிடியா என்று உறுதியானால் மருத்துவர் பெரும்பாலும் ஆம்ப்ரோலியம் எழுதுவார். அந்த நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்திவிடுங்கள். ஆம்ப்ரோலியம் தயாமினை (வைட்டமின் பி1) தடுத்துத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, நீங்கள் டானிக் ஊற்றினால் அதற்குச் சோறு போட்டதாகிவிடும்.

ஓட்டல்கார உறவினரிடம் “ஆன்டிபயாடிக்கே காணாத கோழி” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பேட்ச்சில் நோய் வந்து சிகிச்சை கொடுத்தால் வாக்கும் போய் உறவும் போகும். “வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதில்லை; சிகிச்சை கொடுத்தால் அந்தப் பேட்ச்சை உங்களுக்குச் சொல்லி, விலக்கு நாள் முடிந்துதான் தருவேன்” என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில் தீவனப் பை லேபிளை ஒட்டி, மருந்து கொடுத்த நாள், நிறுத்திய நாள், பில் எண் எழுதிவையுங்கள். அவர் கூடுதல் விலை தர வேண்டியது அந்த நோட்டைப் பார்த்துத்தான். வேண்டுமானால் ஓரிரு பேட்ச்சுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்ற சோதனைக்கு அவரே செலவு செய்யட்டும். அப்படியும் கிலோவுக்கு என்ன தருவார் என்பதைக் குஞ்சு இறக்குவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.